வசந்தத்துக்கு ஏழு நாள்

யுங்குவான்
சீனக் குடியரசு எட்டாம் ஆண்டு, பதினோராம் மாதம் 3

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன்னோடு அறையில் இருப்பவர்களிடம் கூட. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டு, சாம்பலையும் கிளறிவிடு. இங்கே தபால் நிலையத்தில் தளபதியின் ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்து எல்லா உறைகளையும் ஆவியில் காட்டிப் பிரிக்கிறார்கள். அதனால் ரயிலில் பயணிகளுக்கு வெந்நீர் ஊற்றும் டிங் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் மனைவி எங்கள் பள்ளியில் துணி துவைக்கிறாள். உன் டியன்ஜின் முகவரி அவளிடம் மூன்று வருஷமாக இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

நான் ருலான். என் கையெழுத்து மாறியிருக்கும். நீ போனபோது எனக்குப் பதிமூன்று வயது. "நூல் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கூடையோடு போனாய். அன்று சாயங்காலம் வரை நான் வெறும் ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அப்பா வந்து, உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றார். நானும் சொல்லவில்லை. உன்மேல் கோபம். இப்போதும் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் வந்திருக்கும் பயத்துக்கு முன்னால் அது சின்னதாகிவிட்டது.

நீ போன மறு வருஷம் தளபதி கெங் இந்த ஊரைப் பிடித்தார். சக்கரவர்த்தி போனபிறகு ஊருக்கு ஒரு சக்கரவர்த்தி என்று நீதான் சொல்வாய்; எங்களுக்கு வாய்த்தவர் இவர். ஒரு காலத்தில் தெருவில் ஊறுகாய் ஜாடி சுமந்து விற்றவராம். கீழக் கோட்டை வாசல் நாவிதர் ஒருநாள் வாடிக்கையாளரிடம், "தளபதி தலையை மழிக்கிறது ஊறுகாய் ஜாடி மூடியைத் துடைக்கிற மாதிரிதான்" என்று சொல்லிச் சிரித்தார். ஆறு நாளாக அவர் தலை அந்த வாசலில்தான் தொங்குகிறது. நாங்கள் அதன் அடியில்தான் பள்ளிக்குப் போகிறோம். நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

போன திங்கட்கிழமை தளபதி பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியை சின் அம்மையாரின் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். எங்களை வரிசையாக நிறுத்திப் பாடச் சொன்னார். நாங்கள் பாடும்போது மேஜைமேல் வாதுமைக் கொட்டைகளைப் பரப்பி, கைத்துப்பாக்கியின் பிடியால் ஒவ்வொன்றாக உடைத்தார். ஒவ்வொரு அடிக்கும் யாராவது ஒருத்தியின் குரல் விழுந்தது. பிறகு ஆளுக்குப் பாதி பருப்பு கொடுத்தார். என் கையில் வைக்கும்போது, "சாப்பிடு பொண்ணே, பயப்படாதே. இது சுட்டது இல்ல, உடைச்சதுதான்" என்றார். கூட வந்த அதிகாரிகள் சிரித்தார்கள். நான் மென்றேன். அவர் போகும்வரை மென்றுகொண்டே இருந்தேன்.

அவர் போனபிறகு உத்தரவு வந்தது. தளபதிக்கு ஐம்பது வயது நிறைகிறதாம். விழாவில் வாழ்த்துப்பாட நல்ல ஜாதகம் உள்ள பெண்கள் வேண்டுமாம். அதனால் நாங்கள் பதினான்கு பேரும் பிறந்த வருஷம், மாதம், நாள், நேரம் நான்கையும் சிவப்புத் தாளில் எழுதிப் பத்து நாளைக்குள் தர வேண்டும். வாழ்த்துப்பாட எதற்கு ஜாதகம்? கல்யாணத்துக்குத்தானே அதைக் கேட்பார்கள்? அவருடைய ஆறாவது மனைவி இலையுதிர் காலத்தில் கிணற்றில் விழுந்துவிட்டாள். "விழுந்துவிட்டாள்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். கடையில் மருந்து நிறுத்துக்கொண்டிருந்தார். தராசைப் பார்த்தபடியே, "எழுதிக் குடுத்துடு. எழுதலேன்னா ஏன் எழுதலேன்னு கேப்பாங்க" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அம்மா இல்லை. நீயும் இல்லை. நான் என்ன எழுத வேண்டும் என்று சொல்.

ருலான்


டியன்ஜின்
பதினோராம் மாதம் 6

ருலான்,

எரித்துவிட்டேன். சாம்பலையும் கிளறினேன். கிளறும்போது கை சுட்டது, அதற்கும் உன்னையே திட்டினேன்.

மூன்று வருஷத்தில் ஒரு வரி கிடையாது, கழுத்தில் கத்தி வந்தபிறகு "அக்கா". சரி, போகட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் இங்கே காலுறை பின்னும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் உனக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினேன். வருஷா வருஷம் உன் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு அளவு போட்டேன். கிடைத்தது என்று ஒரு வார்த்தை அனுப்பினால் என்ன? அப்பா தூக்கிப் போட்டிருப்பார். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன், நீ தூக்கிப் போட்டாய் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

நான் ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். அபினிக் குழாயை வாயிலிருந்து எடுக்காத ஒருவனுக்கு என்னை நிச்சயம் செய்திருந்தார்கள். உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றுதானே சொல்ல வருகிறாய்? பதிமூன்று வயதுப் பிள்ளையை எங்கே படுக்க வைத்திருப்பேன்? நாங்கள் ஒன்பது பேர் ஒரே செங்கல் கட்டிலில், மத்தி மீன் மாதிரி அடுக்கிப் படுக்கிறோம். ஒருத்தி புரண்டால் எல்லோரும் புரள வேண்டும்.

இப்போது கவனமாகக் கேள். ஓடி வந்துவிடு என்று சொல்ல முடியாது. கோட்டை வாசலில் அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள், ஸ்டேஷனில் துருப்புகள் நிற்கிறார்கள் என்று டிங் மாமா சொன்னார். எழுதாமல் இருக்கவும் முடியாது. ஆகவே எழுது. ஆனால் ஒரே ஒரு ராத்திரி முன்னதாக எழுது.

நீ பிறந்தது புலி வருஷம் முடிந்து முயல் வருஷம் பிறந்த முதல் நாள், விடியற்காலை. எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவுக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். தெருவில் பட்டாசு வெடித்த சத்தத்தில் நீ அழுததே யாருக்கும் கேட்கவில்லை. மருத்துவச்சி, "வருஷம் பொறந்தாச்சு, தப்பிச்சுது பொண்ணு. ராத்திரியே வந்திருந்தா புலியாயிருக்கும்" என்றாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த ராத்திரியே வந்துவிட்டதாக எழுது. பழைய வருஷத்தின் கடைசி நாள், நடு இரவுக்கு முந்தைய நேரம். புலி வருஷத்துப் பெண் ஆகிவிடு. புலிப் பெண் புருஷனை விழுங்குவாள் என்று நம் பக்கத்தில் பிச்சைக்காரன் கூட அவளைக் கட்டமாட்டான். துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்குத்தான் சாவுபயம் அதிகம். அந்தச் சிவப்புத் தாளைச் சூடான கிழங்கு மாதிரி கீழே போடுவான்.

பிறகு உனக்கு வரனே வராதே என்கிறாயா? வரவேண்டாம். இங்கே வந்து காலுறை பின்னு.

ஷூஜென்

குறிப்பு: வாசலில் தொங்குவதைப் பார்க்காதே. காலணியையே பார்.


யுங்குவான்
பதினோராம் மாதம் 10

அக்கா,

எழுதிவிட்டேன். புலி.

எனக்குக் காலுறை எதுவும் வரவில்லை. ஒன்று கூட வரவில்லை. வந்திருந்தால் போட்டுக்கொண்டிருப்பேன், உன்மேல் கோபமாக இருந்தாலும்.

சிவப்புத் தாள்களை சின் அம்மையார்தான் வாங்கினார். என்னுடையதைப் படித்தவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ருலான், நீ புலியா?"

"ஆமா டீச்சர்."

"பள்ளிக்கூடப் பதிவேட்டுல முயல்னு இருக்கே."

நான் என் காலணியைப் பார்த்தேன்.  சின் அம்மையார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். மையைத் தேய்த்தார், தூரிகையை நனைத்தார், என் பெயருக்கு நேரே இருந்ததைத் திருத்தினார். வகுப்பில் எங்கள் எழுத்து ஒரு மயிரிழை கோணினாலும் விரலில் அடிக்கிற கை, அக்கா. அந்தக் கையிலேயே ஒரு கோடு தடித்துவிட்டது.

"காயட்டும்" என்றார். "ஊதாதே. ஊதினா பரவும்."

பிறகு, "யாராவது கேட்டா, இது முதல்லேர்ந்தே இப்படித்தான் இருந்தது. நான் வயசானவ, மை கொட்டிட்டேன்" என்றார்.

இனி இந்தப் பொய் என் தலையோடு போகாது. அவர் தலையும் சேர்ந்திருக்கிறது. அதைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நீ சொன்னபடி காலணியைத்தான் பார்த்தேன். ஆனால் இன்று காற்று அடித்தது. மேலே அது கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது.

மற்ற பெண்கள் என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். எருது, முயல், முயல், எருது, நாகம். என் பக்கத்தில் உட்காரும் பெய்ஃபாங் மட்டும், "நீ புலியா? இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே! உன் பக்கத்துல உட்கார்ந்து எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன், என்னை மிச்சம் வெச்சியே!" என்று கேலி செய்தாள். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்க என்னைப் பார்த்து உறுமினார்கள். நானும் திரும்ப உறுமினேன். வெகு நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். பயம் போனமாதிரி இருந்தது.

தாள்கள் எல்லாம் ஜோசியர் லூவிடம் போயிருக்கின்றன. அவருக்குக் கண் தெரியாது. ஒருவர் படிக்க, அவர் விரல் மடித்துக் கணக்குப் போடுவாராம். தளபதி அவரைக் கேட்காமல் குதிரையில் கூட ஏறமாட்டாராம்.

ருலான்


டியன்ஜின்
பதினோராம் மாதம் 13

என் புலிக்குட்டியே,

உறுமியது இங்கே கேட்டது. பட்டறையில் எல்லோருக்கும் இன்று என் செலவில் வறுத்த கஷ்கொட்டை. எதற்கு என்று கேட்டார்கள், சொல்லவில்லை.

உன் தலைமையாசிரியையின் காலில் என் பங்குக்கும் விழு. நான் படித்தபோது அந்த அம்மாளை எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

நான் அனுப்பிய எதுவும் உனக்கு வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு இரண்டு நாள் அழுதேன். துக்கமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. நீ தூக்கிப் போடவில்லை. அது போதும்.

ஷூஜென்


யுங்குவான்
பதினோராம் மாதம் 15

அக்கா,

நேற்றுக் காலை கடைக்கு இரண்டு வாத்துகளைக் கொண்டுவந்தார்கள். உயிருள்ள வாத்துகள், கழுத்தில் சிவப்பு நாடா. நிச்சயம் செய்யும்போது கொண்டுவருகிற வாத்துகள்.

தளபதியின் துணை அதிகாரி ஒருவன் உள்ளே வந்து, "மாமனாரே, வாழ்த்துக்கள்!" என்று அப்பாவின் முதுகில் தட்டினான். அப்பா மருந்து இடிக்கும் உலக்கையைக் கையில் பிடித்தபடி நின்றார். ஒரு வாத்து நாடாவை அறுத்துக்கொண்டு அப்பாவின் அங்கியைக் கொத்தியது. அதிகாரி சிரித்தான். "பாருங்க, வாத்து கூட சொந்தம் கொண்டாடுது!"

அப்பா எப்படியோ குரலை வரவழைத்துக்கொண்டு, "ஐயா, என் பொண்ணு புலி வருஷத்துக்காரி. தளபதிக்கு ஆகாது. நான் உண்மையை மறைக்கக் கூடாது இல்லியா" என்றார்.

அக்கா, அந்த அதிகாரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அதனாலதான் மாமனாரே! தளபதி குதிரை வருஷம். குதிரையும் புலியும் நாயும் ஒரே கூட்டு, மத்தவங்களை விழுங்குற புலி குதிரைக்கு மட்டும் காவல். வாசல்ல புலி படுத்தா குண்டு உள்ள வராதுன்னு ஜோசியர் லூ சொல்லிட்டார். ரெண்டு வருஷமா தேடுறோம், இந்த ஜில்லா முழுக்க ஒரு புலிப் பொண்ணு கிடைக்கல. கேட்ட வீட்டுல எல்லாம் எருதுங்கிறான், முயலுங்கிறான். அந்த ஒரு வருஷம் இந்தப் பக்கத்துல பொண்ணே பொறக்கலியா? நீங்க ஒருத்தர்தான் யோக்கியமா எழுதிக் குடுத்தீங்க!"

இப்போது புரிகிறதா? எங்கள் வகுப்பில் அந்த வருஷம் பிறந்தவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். ஆனால் அவர்கள் பிறந்த அன்றே அம்மாக்கள் மறைத்துவிட்டார்கள், யாரும் கட்டமாட்டார்கள் என்று. நேற்று மருந்து வாங்க வந்த பெய்ஃபாங்கின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவளுடைய உண்மை எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

பதினான்கு பேரில் புலி என்று எழுதியவள் நான் ஒருத்திதான்.

22ஆம் தேதி நண்பகலில் பல்லக்கு வருகிறது. கடை வாசலில் இரண்டு சிப்பாய்கள் நிற்கிறார்கள். மரியாதைக்காம். நான் பள்ளிக்குப் போவதும் நின்றுவிட்டது. வாத்துகள் கொல்லையில் கத்துகின்றன. யாராவது கிணற்றைப் பற்றிப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதும்போதே சொல்கிறேன் என்று தெரிகிறது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அக்கா.

ருலான்


டியன்ஜின்
பதினோராம் மாதம் 17

ருலான்,

ஐம்பது வயது நிறைகிறது என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். பன்னிரண்டு மிருக வருஷங்களையும் விரல் மடித்து எண்ணியிருந்தால் அவன் குதிரை என்று அப்போதே தெரிந்திருக்கும். குதிரைக்குப் புலி சேரும் என்பது சந்தையில் கிளிப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். நான் எண்ணவில்லை. அவன் வயதை நினைத்து அருவருப்புப்பட்டேன், அதோடு விட்டுவிட்டேன். என் தங்கையை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அழுவதற்கு நேரம் இல்லை. இரண்டு காரியம்.

ஒன்று. அப்பா ஜோசியர் லூவை மட்டும் தனியாகப் போய்ப் பார்க்கட்டும். நல்ல ஜின்செங் வேர் கொண்டுபோகட்டும். குழந்தை முயல்தான், புத்தாண்டு விடியலில் பிறந்தவள், வீட்டில் நாள் தவறிவிட்டது என்று சொல்லட்டும். பள்ளிப் பெயர் வரவே கூடாது. குதிரைக்கு முயல் ஆகாது. ஜோசியர் தன் தலைக்குப் பயந்தாவது பின்வாங்குவார்.

இரண்டு. அது நடக்காவிட்டால் நீ வருகிறாய். டிங் மாமாவிடம் பேசிவிட்டேன். 22ஆம் தேதி விடியற்காலை வண்டி. வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் பெட்டிக்குள் பயணிகளோ சிப்பாய்களோ வரமாட்டார்கள், புழுக்கம். டிங் அத்தை துவைத்த மெத்தை உறைகளைத் தள்ளுவண்டியில் ஸ்டேஷன் விடுதிக்குக் கொண்டுபோவாள் அல்லவா? அவளைத் தினமும் பார்க்கிறவர்கள், யாரும் வண்டியைக் கிளற மாட்டார்கள். அவள் பின்வாசலுக்கு வருவாள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. அப்படித் தட்டினால் மட்டும் திற.

டியன்ஜின் ஸ்டேஷனில் பிரெஞ்சுக்காரர் பகுதிப் பக்கத்து வாசலில் நிற்பேன். அங்கே அவன் ஆட்கள் வர முடியாது. நம் ஊரில் நமக்கு இல்லாத பத்திரம் அந்நியன் தெருவில் இருக்கிறது, என்ன செய்ய.

நீ வராமல் அப்பாவையும் அந்த அம்மையாரையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய் என்றுதான் பயமாக இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும்.

வா.

அக்கா


யுங்குவான்
பதினோராம் மாதம் 21

அக்கா,

நான் வருகிறேன். இந்தக் கடிதத்தை உன்னிடம் நானே தருவேன். பிறகு ஏன் எழுதுகிறேன் என்றால், உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை மட்டும்தான் வரும், ஒன்றும் சொல்ல வராது. இன்னொரு காரணம், அப்பா உனக்கு ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் ஜோசியர் விஷயம். அப்பா முந்தாநாள் போனார். நீ சொன்ன மாதிரியே சொன்னார். லூ வேரை முகர்ந்து பார்த்துவிட்டு, விரலை மடித்து, கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாராம்.

"வைத்தியரே, புத்தாண்டு காலையிலதானே பொறந்தா? பொறக்கட்டும். பட்டாசு வெடிச்சா ஊருக்கு வருஷம் மாறும். ஜாதகத்துக்கு வசந்தம் பொறந்தாத்தான் மாறும். அந்த வருஷம் வசந்தம் பொறந்தது ஏழு நாள் கழிச்சு. ராத்திரி பொறந்தாலும் புலி, விடிஞ்சு பொறந்தாலும் புலி. உங்க வீட்டுல யாரும் இதை ஒரு ஜோசியன்கிட்ட கேக்கலியா?"

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். பிறகு, "உங்கம்மா கேட்டிருக்கா. கேட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லல. அன்னிக்கு வெளியே போய்ட்டு வந்து ஏன் அழுதான்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

ஆகவே கேள், அக்கா. இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீ ஒன்றும் என்னை எழுதிக் கொடுக்கவில்லை. நான் உண்மையையே எழுதியிருந்தாலும் அந்தக் குருட்டு மனிதர் விரலை மடித்து என்னைப் புலி என்றுதான் சொல்லியிருப்பார். நாம் இரண்டு பேரும், சின் அம்மையாரும், அவ்வளவு நடுங்கி எழுதிய பொய் பொய்யே இல்லை. நீ உன்னைத் திட்டிக்கொண்டு வாசலில் நிற்காதே. கால் குளிராத இடமாகப் பார்த்து நில்.

ஆனால் லூ விடவில்லை. வெளியே வரும்போது, "வீட்டுல ஒரு நாள் சொல்றீங்க, தாள்ல ஒரு நாள் இருக்கு. பள்ளிக்கூடப் பதிவேடு என்ன சொல்லுதுன்னு பார்க்கச் சொல்றேன்" என்றாராம். அப்பா ஓடிப்போய் சின் அம்மையாரிடம் சொன்னார். அம்மையார் கவலைப்படவே இல்லை.

"பதிவேடா? போன மாசம் ஐயாவோட துருப்புகள் எங்க பள்ளிக்கூடத்துல நாலு நாள் தங்கினாங்களே, பாவம், குளிருக்கு அடுப்பு மூட்ட அதைத்தான் கிழிச்சாங்க. துருப்புகளைக் கேளுங்க" என்று, அதைப் பார்க்க வந்த ஆளிடம் சொல்லிவிட்டார். துருப்புகள் உண்மையிலேயே பாதி நூலகத்தை எரித்தவர்கள். எதை எரித்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. பதிவேடு அன்று மத்தியானம்தான் அம்மையார் வீட்டு அடுப்பில் போயிருக்கும்.

நீ எழுதியது சரிதான். நான் உட்கார்ந்துவிடத்தான் இருந்தேன். நான் போனால் அப்பாவை என்ன செய்வார்கள்? அந்த வாசலைத் தவிர எனக்கு வேறொன்றும் கண்ணில் வரவில்லை. நேற்று அப்பாவிடம், "நான் பல்லக்குல ஏறிடறேன்" என்றேன்.

அப்பா கடையைச் சாத்தினார். மருந்து அலமாரியில் மேல் வரிசையில் ஒரு இழுப்பறை இருக்குமே, யாருமே கேட்காத ஒரு மூலிகையின் பெயர் ஒட்டியது, ஏணி போட்டால்தான் எட்டும். அதைத் திறந்தார். உள்ளே மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறைகள். ஒன்றைவிட ஒன்று பெரிது. பூச்சி அரிக்காமல் கற்பூரம் வைத்திருந்தார்.

"பெருசைப் போட்டுக்கோ. வண்டியில குளிரும்" என்றார்.

என் கடிதங்களைப் பற்றி அவருக்கு முதல் நாளே தெரியுமாம். டிங் அத்தை அவரிடம் இருமல் மருந்து வாங்குகிறவள், மறைக்க மாட்டாள்.

"உங்களை அடிப்பாங்கப்பா" என்றேன்.

"அடிக்கட்டும். தலையை எடுத்தா தளபதியோட பல்வலிக்கு மருந்து யாரு குடுப்பா? ஊர்ல ஒரே வைத்தியன். நான் தரையில உருண்டு புரண்டு அழப்போறேன். மூத்தவ ஓடிப்போன வீடு இது, ஊருக்கே தெரியும். சின்னவளும் ஓடினா யாரு ஆச்சரியப்படுவா? அந்த ஓடுகாலி வந்து இவளையும் கெடுத்துட்டாள்னு நாலு தெருவுக்குக் கேக்கக் கத்துவேன். மூணு வருஷமா மனசுக்குள்ள கத்திப் பழகினதுதான்."

அப்படிச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. பல்வலியை அவர் நம்புகிற அளவு என்னால் நம்ப முடியவில்லை, அக்கா. நாவிதர் கூட ஊரில் ஒரே நல்ல நாவிதர்தான். அதைச் சொன்னேன். "தெரியும்" என்றார். "நீ காலுறையைப் போடு."

போட்டுக்கொண்டிருக்கிறேன். சரியாக இருக்கிறது. பெருவிரல் பக்கம் கொஞ்சம் தாராளம். நான் இன்னும் வளர்வேன் என்று நினைத்திருக்கிறாய்.

முன்வாசல் சிப்பாய்களுக்கு அப்பா சாயங்காலமே கல்யாணச் சாராயம் ஊற்றிவிட்டார். ஒருவன் பாடினான், பிறகு சத்தம் இல்லை. இப்போது அப்பா கடைக்குள் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் பின்வாசலுக்குப் பக்கத்தில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சேவல் ஒருமுறை கூவிவிட்டது. டிங் அத்தை சொன்ன நேரம் தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன். கொல்லையில் வாத்துகள் இதுவரை பேசாமல் இருந்தன.

அப்பா சொன்ன வரியை எழுதிவிடுகிறேன். "ஷூஜென், நூல் வாங்கியாயிற்றா என்று அப்பா கேட்கிறார். வாங்கியாயிற்று என்றால் என்றைக்காவது வீட்டுக்கு வரச் சொல்கிறார்." முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

வாத்துகள் கத்துகின்றன. சந்தில் யாரோ வருகிறார்கள். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட வேண்டும், கேட்கவில்லை. பனியில் சத்தம் கேட்காது, அப்படித்தான் இருக்கும்.

தட்டுகிறார்கள்.

இரண்டு தட்டு.

மூன்றாவதற்குக் காத்திருக்கி—